டியூபுக்குள் ஒரு ராத்திரி

கடைசி பஸ் போய்விடுமே என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மனுஷனைத் திருநெல்வேலி வரைக்கும் காரில் ஓட வைத்தவள் நான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கு யாராவது சாம்பிளைக் கொண்டு வந்து நீட்டினால் அந்த நாள்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

2004. டி.எம்.எல்.டி. என்கிற லேப் டெக்னீஷியன் டிப்ளமா முடித்துவிட்டு கோவில்பட்டியில் ஒரு சின்ன லேபில் சேர்ந்து ஆறு மாதம். எங்கள் ஊருக்கு ஏழேகாலுக்குக் கடைசி டவுன் பஸ். அன்றைக்கு ஏழு மணிக்குத்தான் மூன்று டியூப் வந்தது. ரத்தம் உறைய அரை மணி நேரம், சென்ட்ரிஃப்யூஜில் சுற்றப் பத்து நிமிஷம், மேலே தெளியும் சீரத்தைப் பிரித்தெடுக்க ஐந்து நிமிஷம். மனசுக்குள் கணக்குப் போட்டேன். பஸ் ஜெயித்தது. டியூப்களை ஸ்டாண்டோடு தூக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஓடினேன். ஃப்ரிட்ஜில் பால் கெடுவதில்லை, தோசை மாவு புளிப்பதில்லை, ரத்தம் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்ற தைரியம்.

காலையில் வந்து சுற்றினேன். சீரம் வைக்கோல் நிறத்தில் கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது. சிவப்பு ஒரு துளி இல்லை. ரத்த அணு உடைந்து சாயம் கலந்திருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பேன். மூன்றில் ஒன்றுக்குத்தான் சோடியம், பொட்டாசியம் கேட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது ஃபிளேம் ஃபோட்டோமீட்டர். வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டரில்தான் ஓடும். சீரத்தில் தண்ணீர் கலந்து அந்தத் தீயில் தெளிக்கும்போது சோடியம் மஞ்சளாக எரியும், பொட்டாசியம் வெளிர் ஊதா. எவ்வளவு வெளிச்சம் என்பதை மெஷின் எண்ணாக மாற்றித் தரும். அன்றைக்கு அது தந்த எண் 6.8.

பொட்டாசியம் 3.5-லிருந்து 5 வரை இருக்கலாம். 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு எந்த நிமிஷமும் தாறுமாறாகலாம், நிற்கவும் செய்யலாம். நான் சிவப்பு மையில் வட்டம் போட்டு ரிப்போர்ட்டை அனுப்பினேன். பெருமையாகக்கூட இருந்தது, பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

அவர் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். டாக்டர் ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. வாடகைக் கார் பிடித்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இ.சி.ஜி. எடுத்தால் ஒரு கோளாறும் இல்லை. புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தால் 4.4. அன்று சாயங்காலமே திரும்பிவிட்டார்கள். அவருடைய மகன் இரண்டு ரிப்போர்ட்டையும் கொண்டு வந்து எங்கள் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சத்தம் போடவில்லை.

“இதுல எதும்மா எங்கப்பா?”

எனக்கு வாய் திறக்கவில்லை. எங்கள் சீனியர் அண்ணாச்சிதான் அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, தப்பு எங்கள் பக்கம் என்று ஒத்துக்கொண்டு அனுப்பினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சியா?”

“ஆமா அண்ணாச்சி.”

“சுத்தாமலா?”

“பஸ்சுக்கு நேரமாயிட்டு…”

“ஏம்மா, டியூபுக்குள்ள இருக்கிறத என்னன்னு நெனச்ச? மை மாதிரி ஒரு தண்ணின்னா? கோடிக்கணக்குல செல்லு உள்ள உசுரோட இருக்கு. ஒடம்ப விட்டு வெளிய வந்ததும் அதுக்குத் தெரியவா போகுது? அது பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டுதான் இருக்கும். நீ குளிர்ல போட்டதும் வேலைய நிறுத்திட்டு.”

என்ன வேலை என்று எனக்குத் தெரியும். பாடத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் படம் வரைந்து ஐந்து மார்க்கும் வாங்கியிருந்தேன். அது ஒரு ஃப்ரிட்ஜுக்குள் நடக்கும் என்று மட்டும் தோன்றியதில்லை.

நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. செல்லுக்குள் ஒரு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே ரத்த நீரில் வெறும் 4. சோடியம் அப்படியே தலைகீழ்: வெளியே 140, உள்ளே 10, 15. நடுவில் இருப்பது இரண்டே அடுக்குக் கொழுப்பாலான ஒரு சவ்வு. ஒரு பக்கம் நிறைய, மறுபக்கம் கொஞ்சம் என்று இருந்தால் எதுவும் சமமாகப் பார்க்கும். அகர்பத்திப் புகை அறை முழுக்கப் பரவுகிற மாதிரி. ஆனால் உயிரோடு இருக்கும் செல்லில் சமமாவதே இல்லை. கசிவு இருக்கிறது, சமம் மட்டும் வருவதில்லை. காரணம், சவ்வில் பதிந்திருக்கும் ஒரு பம்ப். மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், செல்லுக்கு எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறில் ஒன்றைச் செலவழிக்கும். மறுபடி மூன்று, இரண்டு, ஒன்று. நாம் சும்மா படுத்துக் கிடக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது.

கரிசல்காட்டில் கிணறு வெட்டுவதைப் பார்த்திருந்தால் இது சட்டென்று பிடிபடும். ஊற்றுக்கண் திறந்த பிறகு நான்கு பக்கமும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மேலே மோட்டார் இறைத்துக்கொண்டிருக்கும் வரை உள்ளே ஆள் நின்று வேலை பார்க்கலாம். கரண்டு போனால் அரை மணி நேரத்தில் கடப்பாரை முங்கிவிடும். அன்று ராத்திரி என் ஃப்ரிட்ஜுக்குள் கரண்டு போனது. நாலு டிகிரி குளிரில் பம்ப் முடங்கிவிட்டது, கசிவு நிற்கவில்லை. ஒரு அணுகூட உடையாமலே, விடிய விடிய உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே வந்து சீரத்தில் சேர்ந்துகொண்டது. அதனால்தான் சீரம் அவ்வளவு தெளிவாக இருந்தும் எண் பொய்யாக இருந்தது.

ரத்த வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழைய கதை. அங்கே பைகளைக் குளிரில்தான் வைத்தாக வேண்டும். நாள் ஆக ஆகப் பையிலுள்ள நீரில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும். பச்சைக் குழந்தைக்கு நிறைய ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் புதுப் பையாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பம்பைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் என்ற ஊரில் யென்ஸ் ஸ்கோ என்றொரு டாக்டர். அவர் பம்பைத் தேடிப் போகவே இல்லை. மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் நரம்பில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவர். அதற்காகக் கடற்கரை நண்டுகளின் கால் நரம்பை எடுத்து அரைத்தார். அந்த அரைத்த விழுதில் ஒரு நொதி, சோடியமும் பொட்டாசியமும் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் ஏ.டி.பி.யைச் சுறுசுறுப்பாக உடைத்தது. ஒன்று மட்டும் இருந்தால் மந்தம். 1957-ல் கட்டுரையாக வெளியிட்டார். நோபல் பரிசு வந்தது 1997-ல். நாற்பது வருஷம்! நண்டு ரசம் வைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

அந்த நொதிதான் பம்ப் என்று உறுதி செய்ய உதவியது ஒரு விஷம். ஊவாபெயின் என்று பெயர், ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவுவார்கள். பம்பின் வெளிப்பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதை அசையவிடாமல் செய்துவிடும். அது கிடைக்கிற செடிகளும் நம் அரளியும் ஒரே குடும்பம். நாலுவழிச் சாலையின் நடுவே வரிசையாகச் செவ்வரளி நட்டிருக்கிறார்களே, ஆடு மாடு வாய் வைக்காது என்றுதான். ஆட்டுக்குத் தெரிந்தது, அந்த இலையில் இருப்பது இதே பம்பை நிறுத்தும் சரக்கு என்று. அரளி விஷம் ஏறியவரின் ரத்தத்திலும் பொட்டாசியம் ஏறும். டியூபில் நடந்தது உடம்பு முழுக்க நடக்கிறது. அந்த எண் பொய் இல்லை, அப்படி ஒரு சாம்பிள் வந்த அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு இறங்காது. இதே வகைச் சரக்கை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் பலவீனமான இதயம் கொஞ்சம் அழுத்தமாகச் சுருங்கும். டிகாக்சின் மாத்திரை அப்படித்தான். அளவு பிசகினால் மருந்தே அரளி.

உண்மையாகவே பொட்டாசியம் ஏறியவருக்கு என்ன செய்வார்கள் தெரியுமா? மற்ற மருந்துகளோடு இன்சுலினும் போடுவார்கள், கூடவே குளுக்கோஸ். சர்க்கரை வியாதி இல்லாதவருக்கும்தான். “எங்க மாமாவுக்கு சுகரே இல்லையே, எதுக்கு இன்சுலின்?” என்று சண்டைக்கு வந்த சொந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இன்சுலின் அந்தப் பம்பைத் தட்டி வேகப்படுத்தும். பொட்டாசியம் உடம்பை விட்டுப் போகாது, செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவரைக்கும் இதயம் பிழைக்கும். சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருக்கத்தான் குளுக்கோஸ்.

இங்கே என் சொந்தக் குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்கும்போது “கையை மூடி மூடித் திறங்க” என்று சொல்வது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். ரப்பர் பட்டை கட்டிய கையில் முஷ்டியை மடக்கி மடக்கித் திறந்தால், வேலை செய்கிற தசையிலிருந்து பொட்டாசியம் வெளியே வந்து அந்தக் கை ரத்தத்தில் மட்டும் ஏறிவிடும். சில பேருக்கு எண் ஒரு புள்ளிக்கு மேல்கூட ஏறும். ஒரு தடவை மூடி அப்படியே பிடித்தால் போதும். நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நூற்றியோராவது தடவையும் அவர்கள் “மூடி மூடித் திறங்க” என்பார்கள். ஊதா மூடி டியூபில் மிஞ்சியதைச் சிவப்பு மூடி டியூபில் ஊற்றிச் சமாளிக்கிற மகானுபாவர்களும் உண்டு. ஊதா மூடிக்குள் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருப்பதே பொட்டாசிய உப்பு. அது செல்லின் குற்றமில்லை, அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இதுவரை உப்பு. தண்ணீர் எப்படிப் போகிறது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பயிற்சிப் பையனின் கைத்தவறு.

ரத்த வகை பார்க்கச் சிவப்பணுக்களை உப்புநீரில் கழுவ வேண்டும். 0.9 சதவீத உப்பு. பையன் பக்கத்திலிருந்த கேனை எடுத்து ஊற்றினான். அது காய்ச்சி வடித்த வெறும் தண்ணீர். சுற்றிவிட்டு டியூபைப் பார்த்தான், அடியில் அணுவே இல்லை.

“அக்கா, செல்லெல்லாம் காணோம்க்கா!”

காணாமல் போகவில்லை, வெடித்துவிட்டன. நான் அவனைத் திட்டவில்லை, எனக்கு ஃப்ரிட்ஜ் ஞாபகம் இருந்தது. இரண்டு டியூப் எடுத்தேன். ஒன்றில் உப்புநீர், ஒன்றில் வெறும் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு ரத்தம். உப்புநீர் டியூப் ரோஸ்மில்க் மாதிரி கலங்கலாக நின்றது. மற்றது சில நொடியில் நன்னாரி சர்பத் மாதிரி தெளிந்துவிட்டது. “சுவத்துல இருக்கிற தினசரி காலண்டர டியூப் வழியாப் பாரு. ராகு காலம் படிக்க முடியுதா?” ரோஸ்மில்க் வழியாக ஒன்றும் தெரியவில்லை. சர்பத் வழியாக ராகு காலம், எமகண்டம் இரண்டையும் படித்தான். அணு முழுசாக இருக்கும்போது வெளிச்சத்தைச் சிதறடிக்கும். உடைந்து சாயமாகக் கரைந்துவிட்டால் வெளிச்சம் நேராகப் போய்விடும்.

இது விளையாட்டுக்குச் செய்ததில்லை. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையின் மரபு இருக்கிறதா என்று பார்க்க இதையேதான் ஒரு சோதனையாகச் செய்கிறோம். நெஸ்ட்ராஃப்ட் என்று பெயர். 0.36 சதவீத உப்புநீரில் ஒரு துளி ரத்தம், பின்னால் வெள்ளைத் தாளில் ஒரு கறுப்புக் கோடு. சாதாரண அணுக்கள் அந்த நீரைத் தாங்காமல் உடைந்துவிடும், கோடு தெரியும். தலசீமியா மரபு உள்ளவரின் அணு சின்னது, உள்ளே சரக்கும் குறைவு, தண்ணீர் நுழைந்தாலும் உப்ப இடம் இருக்கும். உடையாது, கோடு தெரியாது. மெஷின் வேண்டாம், கரண்டு வேண்டாம். கோடு தெரியாதவரை அடுத்த கட்டச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

தண்ணீர் உப்பு நிறைந்த பக்கம் போகும் என்பதற்கு லேப் எதற்கு, மாவடு ஜாடி போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் வடுவும் கல்லுப்பும் போட்டுக் குலுக்கி வைத்தால் நாலாம் நாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும், வடு சுருங்கிக் கிடக்கும். ஆனால் சிவப்பணுவில் அது நொடியில் நடப்பதுதான் பல வருஷம் புதிராக இருந்தது. கொழுப்புச் சவ்வு வழியாகத் தண்ணீர் இவ்வளவு வேகமாகப் போக முடியாதே? விடை கிடைத்தது பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த பீட்டர் ஆக்ரே என்ற ரத்த நிபுணருக்கு. அவர் தேடியது ஆர்.ஹெச். புரதத்தை, நாங்கள் தினமும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று எழுதுகிறோமே, அதே ஆர்.ஹெச். தேடியதோடு கூடவே வேறொரு சின்னப் புரதம் ஒட்டிக்கொண்டு வந்தது, அதுவும் ஏராளமாக. அதை அழுக்கு என்று தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். 1992-ல் அந்தப் புரதத்தைத் தவளை முட்டையில் உண்டாக்கிப் பார்த்தார்கள். தவளை முட்டை குளத்துத் தண்ணீரிலேயே கிடந்து பழகியது, சாமானியத்தில் உப்பாது. இந்தப் புரதம் சேர்ந்த முட்டையை நீர்த்த கரைசலில் போட்டதும் உப்பி வெடித்துவிட்டது. தண்ணீருக்கென்றே தனி வாசல். அக்வாபோரின் என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாசல் வழியாக ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கில் நீர் மூலக்கூறுகள் வரிசையாகப் போகின்றன.

2003-ல் ஆக்ரேவுக்கு நோபல் கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்ட ராடரிக் மெக்கினன் கண்டது இன்னும் விசித்திரம்: பொட்டாசியம் போகிற வாசலின் உருவம். அந்த வாசல் பொட்டாசியத்தை விடும், அதைவிடச் சின்ன சோடியத்தை விடாது. கைக்குச் சின்ன வளையல் ஏறாது என்பது நமக்குத் தெரியும். வளையலுக்குச் சின்னக் கை ஆகாது என்றால்? விஷயம் என்னவென்றால் இரண்டுமே தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு திரிகின்றன. உள்ளே நுழைய அதைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் அதே கதகதப்பை வாசலின் சுவர் தர வேண்டும். பொட்டாசியத்தின் அளவுக்கு அந்தச் சுவர் கச்சிதமாக நாலாபுறமும் அணைக்கும். சோடியத்துக்கு அது தொளதொள சட்டை. போர்வையைக் கழற்றி என்ன லாபம் என்று வெளியிலேயே நின்றுவிடும்.

சர்க்கரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்காக வாரத்துக்கு ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை 118, சாப்பிடும் முன். பரவாயில்லை. அதே ஆளின் சிறுநீரில் சர்க்கரை நாலு பிளஸ், ஸ்டிரிப் அடர்ந்த பழுப்பாகிவிடும். “உங்க லேப்ல எதுவுமே சரியில்ல” என்பார். நான் கேட்கும் முதல் கேள்வி, “புதுசா என்ன மாத்திரை போடுறீங்க?” சீட்டில் டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை இருக்கும்.

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது சர்க்கரையும் வெளியே போகிறது. பிறகு அதைத் திரும்பப் பொறுக்கிக்கொள்ள ஒரு வாசல் வைத்திருக்கிறது. அந்த வாசலில் சர்க்கரை தனியாக நுழைய முடியாது, சோடியத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். சோடியம் ஏன் உள்ளே ஓடுகிறது? நம் பழைய பம்ப் அதை ஓயாமல் வெளியே தள்ளி வைத்திருப்பதால். பம்ப் உழைக்கிறது, சோடியம் ஓடி வருகிறது, சர்க்கரை தொற்றிக்கொள்கிறது. அந்த மாத்திரை வாசலை அடைக்கிறது, சர்க்கரை சிறுநீரோடு போய்விடுகிறது. நாலு பிளஸ் என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்த வகை மருந்துக்கு மூதாதை ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835-ல் பிரித்த ஒரு கசப்புப் பொருள்.

குடலிலும் இப்படி ஒரு ஜோடி வாசல் இருக்கிறது. பேதி கண்டவருக்கு வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் உடம்பில் சரியாக ஒட்டாது. சர்க்கரையும் சேர்த்தால் இரண்டும் கைகோத்து உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குள் இருக்கும் சூத்திரம் இவ்வளவுதான். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்து எல்லை ஊரான பொங்கானில் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார், சொந்தக்காரர்களே புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் இந்த நீர் கிடைத்தவர்களில் இறப்பு நாலு சதவீதத்துக்குக் கீழே வந்தது. குடல் செல்லில் அந்த வாசல் காலராவிலும் மூடுவதில்லை என்பதால் பிழைத்தவர்கள்.

இதெல்லாம் எனக்குக் கரதலப் பாடம் என்ற திமிர் போன வருஷம் மே மாதம் வரை இருந்தது.

அப்பாவுக்கு 76 வயசு. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதற்குள் சிறுநீர் பிரிய வைக்கும் மருந்தும் கலந்திருக்கிறது. அக்னி நட்சத்திரம். வெயில் காலத்தில் தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிடித்துக்கொண்டு, பித்தளைச் சொம்பில் எண்ணி எண்ணிக் குடித்துக்கொண்டிருந்தார். சாப்பாடு குறைந்துவிட்டது. ஒரு காலையில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். என்னைப் பார்த்து, செத்துப்போன அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்த்தோம். அவர்களுடைய சாம்பிள் எங்கள் லேபுக்குத்தான் வரும். இப்போது ஃபிளேம் இல்லை, எலக்ட்ரோடு மெஷின், ஒரு நிமிஷத்தில் எண். 117. சோடியம் 135-க்குக் கீழே போகக் கூடாது. முதலில் எனக்குத் தோன்றியது, டிரிப் ஏறுகிற கையிலேயே ரத்தம் எடுத்துவிட்டார்களா? அதிலும் எண் கெடும். நானே ஓடிப்போய் அடுத்த கையில் எடுத்தேன். கையை மூடி மூடித் திறக்கச் சொல்லவில்லை. மறுபடி 117. அப்போதுதான் நம்பினேன்.

பக்கத்து வீட்டு அத்தை வந்து, “உப்புச்சத்துதான் கொறைஞ்சிருக்குன்னா கொஞ்சம் உப்பக் கரைச்சுக் குடுத்துட்டாப் போகுது” என்றார். எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம், சோடியம் இறங்கிவிட்டது என்கிற சொல்லே அப்படி நினைக்க வைக்கிறது. குழம்பு சப்பென்று இருந்தால் உப்பு குறைந்திருக்கலாம், தண்ணீர் கூடியுமிருக்கலாம். அப்பா விஷயத்தில் இரண்டும் நடந்திருந்தது: மாத்திரை உப்பை வெளியே விட்டது, சொம்பு தண்ணீரை உள்ளே விட்டது, வயசான சிறுநீரகம் அந்தத் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டது.

வெளியே உப்பு நீர்த்துப் போனால் தண்ணீர் செல்லுக்குள் போகும். பயிற்சிப் பையனின் டியூப் மாதிரி வெடிக்கிற அளவுக்கு இல்லை, கொஞ்சம் உப்பும். மற்ற இடத்தில் கொஞ்சம் உப்பினால் தாங்கலாம். மூளையைச் சுற்றி மண்டை ஓடு இருக்கிறது. சட்டை திரும்பியதும், அத்தை பெயர் வந்ததும் அதனால்தான்.

“அப்ப சீக்கிரமா ஏத்தி விட்டுருங்க டாக்டர்” என்று தம்பி கெஞ்சினான். டாக்டர் மாட்டேன் என்றார். முதலில் மூன்று சதவீத உப்புநீர் கொஞ்சம் கொடுத்தார், அப்புறம் நிதானம். “ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல ஏற விடமாட்டேன்.” காரணம், மூளையின் செல்கள் அதற்குள் சும்மா இருந்திருக்காது. ஓரிரண்டு நாளிலேயே தங்களிடமிருந்த பொட்டாசியத்தையும் வேறு சின்னச் சின்னச் சரக்குகளையும் வெளியே வீசி, வீக்கத்தைத் தாங்களே குறைத்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ரத்தத்தில் உப்பைத் திடீரென்று ஏற்றினால் அவற்றிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்படும், வீசியதைத் திரும்பச் சேர்க்க அவகாசம் இருக்காது. மூளைத்தண்டில் நரம்புகளைச் சுற்றிய உறை கழன்றுபோகலாம். சோடியம் சரியாகி, ஆள் தெளிந்து, சில நாள் கழித்துப் பேச்சும் கையும் காலும் போகும். நான் அந்தப் பக்கத்தைப் பாடத்தில் படித்திருந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு சாம்பிள். 117, 119, 121, 122. மறுநாள் காலை 124. அந்த ராத்திரி நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு டியூபும் உறைகிற அரை மணி நேரமும் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அப்பாவின் செல்கள் மூன்றைத் தள்ளி இரண்டை இழுத்துக்கொண்டிருந்தன. மணி பார்த்து எடுத்துச் சுற்றினேன்.

மூன்றாம் நாள் 129. அன்றைக்குக் காலையில் என்னைப் பார்த்து, “தாயி, நீ சாப்ட்டியா?” என்றார். என் பெயரைச் சொல்லவில்லைதான், ஆனால் ‘தாயி’ என்று என்னைத்தான் கூப்பிடுவார். 132-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாத்திரையை மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாளைக்குத் தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. சொம்பைக் கழுவித் துடைத்து மேல் பரணில் கவிழ்த்து வைத்தேன்.

நாலு நாள் கழித்து வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், ஸ்டூல் பரணுக்கு நேர் கீழே கிடக்கிறது. சொம்பு இருந்த இடத்தில்தான் இருந்தது, கவிழ்த்தபடியே. விளிம்பைச் சுற்றி வட்டமாக ஈரம்.